ரேகை பதியாத நாற்பத்தோரு பேர்

கிருஷ்ணகிரி பழையபேட்டையைத் தாண்டினால் வரும் பட்டு நூல் ஆலையின் வாசலில், 1958-ஆம் வருஷம் ஆடி மாதம், நாற்பத்தோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினெட்டு நாள். வெயிலுக்கு ஒரு புளியமரம், தாகத்துக்கு ஒரு பானைத் தண்ணீர், அவ்வளவுதான். ஆலையிலிருந்து அவர்களை நீக்கியிருந்தார்கள். ஒரே ஒரு ஆள் வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் டெல்லியில் உபமந்திரி. பெயர் திம்மப்பன். அவர்களோடு ஒரே கொட்டகையில் கொதிநீர் ஆவியைக் குடித்து வளர்ந்தவர்.

நம்பினதில் என்ன தப்பு? இந்த நாற்பத்தோரு பேரும் இல்லாவிட்டால் திம்மப்பனை டெல்லிக்கு யார் அனுப்பியிருப்பார்கள்? அவருக்குச் சொத்தா, படிப்பா, ஜாதி பலமா, எது இருந்தது?

சூளகிரிப் பக்கத்துக் கூலிக் குடும்பம் அது. அப்பா கங்கப்பன் நிலக்காரர் வீட்டுக்கு உழைத்தே முதுகு வளைந்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம் குடும்பத்தோடு கிருஷ்ணகிரிக்கு வந்து பட்டு நூல் எடுக்கும் கொட்டகையில் சேர்ந்தார். அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அடுப்பின் மேல் கொப்பரை, அதில் கொதிக்கிற தண்ணீர், தண்ணீரில் பட்டுக்கூடுகள். ஒரு பெண் கொப்பரைக்கு முன்னால் குந்தியிருந்து, வெறும் விரலைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டுப் பத்துக் கூடுகளின் நூல்முனையைச் சேர்த்துப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பின்னால் ஒரு ஆள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருப்பான். காலையில் கைவிட்டால் பொழுது சாயும்போதுதான் எடுப்பாள். உள்ளே வெந்த புழுவின் நாற்றம் சோற்றில் ஏறும், துணியில் ஏறும், பெற்ற பிள்ளை கூட மடியில் உட்கார யோசிக்கும். விரல்தோல் முதலில் வெளுக்கும், பிறகு உரியும், பிறகு வெடிக்கும்.

திம்மப்பன் ராட்டை சுற்றினார். இருபது வருஷம் சுற்றினார். அவருக்கு முன்னால் கொப்பரையில் உட்கார்ந்திருந்த முனிலட்சுமி அவரைவிட நாலு வயது மூத்தவள். அந்தப் பக்கத்துக் கொப்பரையில் இருந்த நஞ்சம்மாவைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்திருந்ததால் கொட்டகையில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் அவர். கடுதாசி வந்தால் அவர், நோட்டீஸ் ஒட்டினால் அவர், கோர்ட்டு சம்மன் என்றாலும் அவர்தான்.

1948-இல் சங்கம் ஆரம்பித்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு சிவப்புத் துண்டு. பெரிய பெரிய கோரிக்கை எல்லாம் வைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். முனிலட்சுமி எழுந்து, "கைக்கு எண்ணெ குடுக்கச் சொல்லு திம்மப்பா. நாளுக்கு ஒரு கரண்டி வெளக்கெண்ணெ. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த ஒரு கரண்டி எண்ணெய்க்காக இருபத்து மூன்று நாள் வேலைநிறுத்தம். முதலாளிகள் சிரித்தார்கள், போலீஸ் வந்தது, திம்மப்பனைச் சேலம் ஜெயிலில் ஒன்றரை மாதம் வைத்தார்கள். அவர் வெளியே வந்தபோது கொட்டகைக்குக் கொட்டகை எண்ணெய்க் கிண்ணம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஊரில் அவரை 'எண்ணெய் வாங்கிக் கொடுத்த திம்மப்பன்' என்றுதான் சொன்னார்கள்.

1952 தேர்தலில் அவரைச் சுயேச்சையாக நிறுத்தியதும் அந்தப் பெண்கள்தான். சின்னம் ஏணி. அவரிடம் இருந்தது ஒரு சைக்கிளும் மூன்று பாஷையும். ஓசூர் பக்கம் போனால் கன்னடம், தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ். பாரூரில் நெல் வயலில் நின்று பேசினார். அஞ்செட்டி மலையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். நம் பெண்கள் ஏணிப் பெட்டிக்குச் சாமந்திப்பூ வைத்து, கும்பிட்டு, அப்புறம்தான் சீட்டைப் போட்டார்கள். தேர்தல் அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். எண்ணி முடித்தபோது திம்மப்பன் ஜெயித்திருந்தார். அவராலேயே நம்ப முடியவில்லை, பாவம்.

ஜெயித்தவரை ரயிலேற்றிவிட நூறு பேர் வந்தார்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவர் பட்ட பாட்டைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. டெல்லிக் குளிர் எலும்பில் இறங்கியது. சபையில் அவர் பேச எழும்போது நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிக்கும். இங்கிலீஷ் புரிய இரண்டு வருஷம், பேச இன்னும் இரண்டு வருஷம். பட்டுத் தொழிலாளிகளின் கை விஷயமாக ஒரு மந்திரியைப் பார்க்கக் கால் கடுக்க நின்றார். 'நாளைக்கு வாருங்கள்' என்றார்கள். நாளைக்கும் போனார். ஊருக்கு வந்தால் வீட்டு வாசலில் மனுக்கூட்டம். பட்டா, கிணறு, பள்ளிக்கூடம், மகனுக்கு வேலை, மருமகன் அடிக்கிறான். எல்லோருக்கும் 'பார்க்கிறேன்' என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லியே மனுஷன் தேய்ந்துபோனார்.

1957-இல் ஆளும் கட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று மூன்று நாள் சங்க அறையில் உட்கார்ந்து யோசித்தார். முனிலட்சுமிதான் முடித்துவைத்தாள். "கட்சி எதுவா இருந்தா நமக்கென்ன? வெளிய நின்னு கத்துனது போதும், உள்ள போயி உக்காரு" என்றாள். போனார். ஜெயித்தார். தொழில் இலாகாவுக்கு உபமந்திரியாகவும் ஆக்கினார்கள். தொழிலாளி ஒருத்தரை உள்ளே வைத்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளவும் அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது திம்மப்பனுக்கும் தெரியும்.

உபமந்திரி என்றால் என்ன வேலை? கையெழுத்துப் போடுகிற வேலை. கோப்பு வரும். மேலே அதிகாரியின் குறிப்பு இங்கிலீஷில் இருக்கும், கீழே மற்றக் காகிதங்கள் இருக்கும். நாளுக்கு அறுபது எழுபது கோப்பு. முதல் ஆறு மாதம் ஒவ்வொன்றையும் கடைசிக் காகிதம் வரை புரட்டினார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், மேஜையில் கோப்பு மலையாகக் குவிந்தது. பிறகு மேல் குறிப்பை மட்டும் படிக்கப் பழகினார். எல்லா மந்திரிகளும் செய்வதுதான் அது, தனியாக இவரை மட்டும் என்ன சொல்வது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை கிருஷ்ணகிரிப் பக்கம் நெசவுக் கூடம் ஒன்றுக்கு உதவி போனதும், 'சொந்த ஊருக்கு வாரி வழங்கும் உபமந்திரி' என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. திம்மப்பனுக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து சொந்த ஊர்க் கோப்பு வந்தால் அதிகாரி எழுதியதுதான் முடிவு, தான் கை வைப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். அதை நேர்மை என்று நினைத்தார். மற்ற ஊர்க் கோப்புக்காவது இரண்டு கேள்வி கேட்பார். தன் ஊர்க் கோப்பு என்றால் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் பழையபேட்டையில் நாராயணப்பன் என்ற முதலாளி, பழைய கொட்டகைகளை வாங்கி இடித்துவிட்டுப் புது இயந்திர ஆலை கட்டினார். அதற்கு மத்திய சர்க்கார் உதவி செய்தது. ஒரே ஒரு நிபந்தனை, கொட்டகைகளில் வேலை செய்த பழைய ஆட்களையே புது ஆலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சரி சரி என்று உதவியை வாங்கினார். எடுத்தும் கொண்டார். ஆறே மாதம். பிறகு 'கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை' என்று வயதான பெண்களில் நாற்பத்தோரு பேரை நீக்கிவிட்டு வெளியூரிலிருந்து இளம் பெண்களைக் கொண்டுவந்தார். நியாயம் கேட்க முனிலட்சுமிக்கு ஒரே ஒரு இடம்தான் தெரியும். எழுதத் தெரிந்த ஒருத்தரைப் பிடித்து, அவள் சொல்லச் சொல்ல மனு எழுதி, நாற்பத்தோரு பேரும் கட்டைவிரலை மையில் அழுத்திப் பதித்து, டெல்லிக்கு அனுப்பினாள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கோப்பு திம்மப்பனின் மேஜைக்கு வந்தது. அன்றைக்கு அது நாற்பதாவதோ நாற்பத்தைந்தாவதோ. மேல் குறிப்பில் அதிகாரி எழுதியிருந்தது இதுதான்: கிருஷ்ணகிரி ஆலையின் மீது வந்த புகார். மனுவில் உள்ள கைரேகைகள் யாவும் ஒரே மாதிரி, கோடுகள் இல்லாத மசிப்பொட்டுகளாக இருக்கின்றன. ஒரே ஆள் எல்லாவற்றையும் பதித்ததாகத் தெரிகிறது. போலி மனு. முடித்துவிடலாம்.

கிருஷ்ணகிரி என்று கண்ணில் பட்டதும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஊரில் சங்கத்துக்குப் போட்டியாக ஒரு கோஷ்டி முளைத்திருந்தது அவருக்குத் தெரியும். அவர்கள் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். கால் வலித்தது. பசி எடுத்தது. குறிப்பின் கீழே கையெழுத்துப் போட்டார். மனுதாரருக்கு அனுப்ப வேண்டிய பதில் கடிதத்தை எழுத்தர் தயாராக நீட்டினார். அதிலும் போட்டார். மடித்திருந்த தமிழ்க் காகிதம் அடியிலேயே கிடந்தது.

அதைப் பற்றி அவர் ஒரு மாதம் நினைக்கக்கூட இல்லை. ஆடியில் ஒரு நாள் முதுகுவலி என்று வீட்டில் படுத்திருந்தார். காலையில் தபால்காரர் வந்தார். ஊரிலிருந்து நஞ்சம்மாவின் தங்கை பதிவுப் பார்சலில் மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருந்தாள். நஞ்சம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்து கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். மறுபடி வைத்தாள். தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை அவரே அவள் விரலைப் பிடித்து அழுத்தினார். அப்புறம் விரலையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார்.

"ஏய்யா, இங்க வந்து பாரு. என் கை அழுக்குங்கறாப்பல இந்த ஆளு" என்று நஞ்சம்மா கூப்பிட்டாள்.

திம்மப்பன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். வந்த வேகத்தில் தபால்காரரிடம் பாய்ந்தார். "பதினெட்டு வருஷம் கொதிக்கிற தண்ணியில வச்ச கைய்யா இது! ரேகை எங்கிருந்து வரும்? பட்டு எடுக்கிறவ கையில ரேகை இருக்குமா? எங்க ஊர்ல ஒருத்திக்கும் இருக்கா..."

பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. தபால்காரருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் இந்த மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பார்சலை நஞ்சம்மா கையில் கொடுத்துவிட்டு அவரே ஏதோ கிறுக்கிக்கொண்டு போனார். திம்மப்பன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நஞ்சம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, மை ஒட்டிய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் நஞ்சு" என்றார்.

அந்த வலியோடேயே அலுவலகத்துக்கு ஓடி அந்தக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் தேடி எடுத்துவந்தார்கள். அடியில் இருந்த தமிழ்க் காகிதத்தைப் பிரித்தார். வரிசை வரிசையாகக் கரும்பொட்டு, நாற்பத்தொன்று. மேலே எழுத்து முனிலட்சுமியின் வாய்ச்சொல் மாறாமல் இருந்தது. நிபந்தனை என்ன, நீக்கியது எப்படி, யார் யார் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'திம்மப்பா, எங்க விரல்ல ரேகை விழாதுன்னு உனக்கே தெரியும். அங்க யாராவது கேட்டா நீ எடுத்துச் சொல்லிக்கோ. உனக்கு நாங்க சொல்லணுமா.'

அவருக்கு அழுகை வந்தது. அதிகாரி எதிரில் நின்றுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டார். ஆலைக்கு உடனே தந்தி கொடுக்கச் சொன்னார், மறு விசாரணை என்று தன் கையாலேயே எழுதினார். அதிகாரி நல்ல மனிதர்தான். அவர் தணிந்த குரலில், "இதில் உங்கள் பெயர் அடிபட வேண்டாம். அலுவலகத்தில் நடந்த தவறு, உங்கள் பார்வைக்கே வரவில்லை என்று சொல்லிவிடலாம். எழுத்தர் ஒருவரை இடம் மாற்றினால் விஷயம் முடிந்தது" என்றார். திம்மப்பன் கோப்பை மூடிவைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கே மறைப்பானேன்?

அன்று சாயந்திரமே ரயிலேறினார். கலெக்டருக்குச் சொல்லவில்லை, கட்சிக்குச் சொல்லவில்லை. மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அதிகாரி சொன்னது காதிலேயே இருந்தது. சொல்லிவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? பெண்களுக்கு வேலை கிடைத்தால் சரிதானே? எழுத்தருக்கு வேறு ஊரில் வேலை இருக்கப் போகிறது. ஜோலார்பேட்டையில் இறங்கி கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுகூட அவர் முடிவு செய்திருக்கவில்லை. நாற்பத்து நாலு வயதில் அறுபது வயது ஆள்போலப் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தான். அவருக்கு அதுவும் கஷ்டமாக இருந்தது.

ஆலை வாசலுக்குப் போனபோது மணி பதினொன்று. முதலில் பார்த்தவள் மாரம்மா. புருஷன் படுத்த படுக்கையாக இருக்கிறவள். "அண்ணா வந்துருச்சு! அக்கா, அண்ணா வந்துருச்சு!" என்று கத்தினாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பதினெட்டு நாள் வெயில் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இளைத்துவிட்டாய் என்றார்கள். தந்தி வந்ததா என்று கேட்டார். அப்படி எதுவும் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். வந்திருந்தாலும் நாராயணப்பன் சொல்லியிருக்கவா போகிறார்?

முனிலட்சுமி மட்டும் மெதுவாக வந்தாள். அவள் முடி முழுக்க நரைத்திருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். "வருவேன்னு தெரியும்" என்றாள். "இந்தக் கடுதாசிய ஆலை குமாஸ்தா படிச்சான். நாம குடுத்தது போலி மனுவாம். உன் பேரப் போட்டு அனுப்பிருக்கானுங்க."

திம்மப்பன் காகிதத்தைப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்துத்தான். டெல்லியில் பழகிக்கொண்ட வேகமான இங்கிலீஷ் கையெழுத்து.

"பாத்த ஒடனே சொல்லிட்டேன்" என்று முனிலட்சுமி குரலை உயர்த்தினாள், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றுதான். "சங்கக் கார்டுல திம்மப்பன் கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தமிழ்ல பெருசு பெருசா போடுவான். இது அவன் போட்டதில்ல. எவனோ அவன் பேருல பொய்யா போட்டிருக்கான். அவன் நம்ம மனுவப் போலிம்பானா? இந்த மொதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? மனு பொய்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா இருவது பேர கூடு பொறுக்குற வேலைக்கு எடுத்துக்கறேன்னாரு. பத்து நாள் கெடு வச்சாரு. மாரம்மா போறேன்னா. நான் வுடல. திம்மப்பன் வந்து இது என் கையெழுத்து இல்லன்னு சொல்லட்டும், அதுக்கப்புறம் தலை நிமுந்து உள்ள போலாம்னேன். ஒருத்தி போகல. கெடு முடிஞ்சு எட்டு நாளாச்சு, அந்த எடத்துக்கும் வேற ஆளப் போட்டுட்டாரு. போட்டா போட்டும். இப்ப நீ சொல்லு இவங்ககிட்ட."

அவர்கள் முன்பு சங்கக் கூட்டங்களில் உட்காருகிற மாதிரி கீழே உட்கார்ந்துகொண்டார்கள். ஆலைக் கேட்டுக்குப் பின்னால் குமாஸ்தாவும் இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே வார்த்தை. 'இல்லை.' சொன்னால் இந்த நிமிஷமே அவர்கள் ஜெயித்தவர்கள். கேட்டுக்குப் பின்னால் நிற்பவன் முகம் செத்துப்போகும். அதிகாரி வழியும் காட்டியாகிவிட்டது. திம்மப்பன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வந்துவிடும் என்றுதான் அவரே நினைத்தார்.

"என்னுதுதான் அக்கா" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. புரிந்தவர்களும் புரியாத மாதிரி இருந்தார்கள். முனிலட்சுமி ஒருமுறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"மெரட்டிப் போடச் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"ஏமாத்தி வாங்கிட்டானுங்களா? வேற காயிதம்னு சொல்லி?"

"இல்ல. ஒருத்தரும் ஏமாத்தல."

"ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தியா?"

ஒவ்வொன்றாக அவருக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். எதற்குள்ளாவது நுழைந்துகொள்ளேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவள் முகம். அவர் தலையை ஆட்டினார்.

"மனுவப் படிச்சுப் பாத்துட்டா போட்ட?"

"படிக்கல. மேல ஆபீசர் எழுதினத மட்டும் பாத்தேன். நீங்க எழுதினது கீழ இருந்துச்சு. மூணு நாளைக்கு முன்னாலதான் எடுத்துப் படிச்சேன்."

முனிலட்சுமி காகிதத்தை மறுபடியும் நாலாக மடித்தாள். விரல்கள் வெடித்துக் கிடந்ததால் மடிப்பு ஒழுங்காக வரவில்லை.

"எங்களுக்குத்தான் படிக்கத் தெரியாது" என்றாள். "நீ படிப்பேன்னுதானே உன்ன அனுப்புனோம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மறு விசாரணைக்கு எழுதிவிட்டேன் என்றார். மெட்ராஸிலிருந்து டாக்டரை வரவழைத்துக் கைகளைச் சோதிக்கச் சொல்கிறேன், நானே சாட்சி சொல்கிறேன், பதவி போனாலும் பரவாயில்லை என்றார். எல்லாம் உண்மையாகத்தான் சொன்னார். அவர் பேசப் பேச அது வாசலில் மனுக் கொடுக்க வந்தவர்களிடம் 'பார்க்கிறேன்' என்று சொல்வது போலவே அவருக்கே கேட்டது.

"எத்தன நாளாவும்?" என்று மாரம்மா கேட்டாள்.

"மூணு மாசம். நாலு ஆனாலும் ஆவும்மா."

"நாலு மாசமா!" என்றாள் மாரம்மா. படுக்கையில் கிடக்கும் புருஷனைப் பற்றி நினைத்திருப்பாள். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பேட்டைப் பக்கம் நடந்தார்கள். கேட்டுக்குப் பின்னால் குமாஸ்தா உள்ளே ஓடினான், முதலாளியிடம் சொல்லத்தான்.

திம்மப்பன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். அவரை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. முனிலட்சுமி அவரைத் தாண்டிப் போய் மாரம்மாவின் முன்னால் நின்றாள். பதினெட்டு நாள் எல்லோரையும் அதட்டி உட்காரவைத்திருந்தவள், இப்போது கையைக் கூப்பினாள்.

"நீ போறேன்னப்ப நான்தான்டி புடிச்சு நிறுத்துனேன்" என்றாள். "அவன எனக்குத் தெரியும்னு சொன்னேன். மன்னிச்சுக்க."